அடித்தும் திருந்தாத பூனை

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 36, தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், ஆறு வயது மகள், இரண்டு மாதமாக உடன் வந்து தங்கியிருக்கும் மாமியார், அப்புறம் ஒரு பூனை. போன வருடம் மழை நாளொன்றில் ஸ்கூட்டருக்கு அடியில் நனைந்து கிடந்த குட்டி, இப்போது பதினான்கு மாதக் கடுவன். செவலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். யாரென்று தெரியாமலிருக்க வீட்டாரின் விவரங்களை மாற்றியிருக்கிறேன், பூனையின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். நிறத்தை மட்டும் மாற்றவில்லை.

கடிதத்தின் சாரம் இது. "ஒரு வருஷம் சமர்த்தா இருந்த பூனை ரெண்டு மாசமா ஆளே மாறிடுச்சு. அத்தை கட்டில்ல மூத்திரம், இவரோட சட்டை மேல மூத்திரம், ஹால் திரைச்சீலையில மூத்திரம். சோபாவைக் கிழிச்சு நார் எடுத்துடுச்சு. விடிகாலை நாலு மணிக்குக் கத்தி எழுப்புது. போன ஞாயிறு பாப்பா காலைக் கடிச்சு ரத்தம் வந்துடுச்சு, மஞ்சள் வச்சோம். விளக்குமாறால அடிச்சாச்சு, மூக்கைப் பிடிச்சு அந்த ஈரத்துல தேய்ச்சாச்சு, பாத்ரூம்ல அரை நாள் அடைச்சாச்சு, போற இடத்துல எல்லாம் மிளகாய்ப்பொடி தூவியாச்சு. திருந்தல. அத்தை இது பழிவாங்குதுன்னு சொல்றாங்க. இவர் பத்து நாள் கெடு குடுத்துட்டார், அதுக்கப்புறம் சாக்குல கட்டி மீன் மார்க்கெட்ல விட்டுடுவாராம். நகத்தை மொத்தமா எடுத்துட முடியுமா டாக்டர்? எப்படித்தான் தண்டிச்சா இது அடங்கும்?"

எல்லாம் முடிந்து, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி: "ரெண்டு நாளா மணல் தட்டுல அடிக்கடி போய் உட்கார்ந்து, ஒண்ணும் போகாம கத்திட்டு எழுந்து வருது, அது வேற எரிச்சல்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எரிச்சல் என்று எழுதிய அந்தக் கடைசி வரிக்காகத்தான் கடிதம் வந்த புதன்கிழமை இரவே உங்களுக்கு இரண்டு வரிப் பதில் அனுப்பினேன். பூனையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், குழந்தையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள் என்று. இரண்டையும் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை எழுதியிருந்தீர்கள், நன்றி. பிறருக்கும் பயன்படும் என்பதால் அந்த அவசரம் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சிறு கல்லோ, படிகத் துகளோ, சளி போன்ற அடைசலோ போதும், அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பூனை தட்டில் உட்காரும், முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. அப்படியே விட்டால் சிறுநீரகம் செயலிழந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுபோகும். "மலச்சிக்கல்னு நினைச்சு விளக்கெண்ணெய் குடுத்தோம் சார்" என்று மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். பாதிப் பேருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

செவலைக்கு அடைப்பு இல்லை, கல்லும் இல்லை, சிறுநீரில் கொஞ்சம் ரத்தம், சிறுநீர்ப்பையில் அழற்சி என்று உங்கள் மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தொல்லைகளில் பாதிக்கும் மேல் இந்த வகைதான். பெரும்பாலும் கிருமி இருக்காது. பதற்றத்தில், வீட்டுச் சூழல் மாறுவதில் கிளம்பும். ஒரு வாரத்தில் தணியும், பதற்றம் தீராவிட்டால் திரும்ப வரும். அவர் கொடுத்த வலி மருந்தை மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கூடவே கூடாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பழிவாங்குகிறதா?

கட்டில், சட்டை, திரைச்சீலை மூன்றையும் நீங்கள் ஒரே குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது இரண்டாகத் தெரிகிறது. கட்டிலிலும் கீழே கிடந்த சட்டையிலும் குந்தி உட்கார்ந்து போயிருக்கிறது. அது சிறுநீர்ப்பை எரிகிற பூனை செய்வது. மணல் தட்டில் உட்கார்ந்தபோதெல்லாம் வலித்தது, அதனால் தட்டுதான் வலிக்குக் காரணம் என்று அது முடிவு கட்டிவிட்டது. மெத்தென்ற வேறு இடம் தேடுகிறது. உங்கள் அத்தையின் கட்டிலைவிட மெத்தென்ற இடம் அந்த வீட்டில் இருக்காது என்று நினைக்கிறேன்.

திரைச்சீலை வேறு கதை. நின்றுகொண்டு, வாலைத் தூக்கி, வால் நுனி துடிதுடிக்க, பின்பக்கமாகக் கொஞ்சமே கொஞ்சம் பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் அது எல்லை குறிப்பது. காயடிக்காத, ஒரு வயது தாண்டிய கடுவன் செய்யும் இயல்பான காரியம். "காம்பவுண்டு சுவர்ல புதுசா ஒரு கறுப்புக் கடுவன் வந்து உட்காருது" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, அந்த ஜன்னலும் இந்தத் திரைச்சீலையும் ஒரே பக்கம்தானே?

இந்த இரண்டு மாதத்தில் வீட்டில் என்னென்ன மாறியது என்றும் எண்ணிப் பாருங்கள். உங்கள் அத்தை வந்தார். அவருக்குக் கொடுத்த அறை அதுவரை செவலை தூங்கிய அறை. வாடை வருகிறது என்று மணல் தட்டைப் பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்துக்கு நகர்த்தினீர்கள். சுவரில் புதுக் கடுவன். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில். அத்தையைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வயதான பெரியவருக்கு அறை வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பழிவாங்க வேண்டுமென்றால் நேற்று நடந்ததை நினைவில் வைத்து, இன்று இதைச் செய்தால் அவருக்கு வலிக்கும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குப் பிரிவு பூனையிடம் இல்லை.

அடி ஏன் வேலை செய்யவில்லை

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். உண்மைதான், சூடு கண்ட பூனை நிச்சயம் கற்றுக்கொள்கிறது. ஆனால் அடுப்பு எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்று பாருங்கள். பாதம் வைத்த அதே நொடியில் சுடுகிறது. வைத்தபோதெல்லாம் சுடுகிறது. நீங்கள் ஆபீஸ் போயிருந்தாலும் சுடுகிறது. பாதம் வைக்காதபோது துரத்திக்கொண்டு வந்து சுடுவதில்லை.

மனிதர்களால் அடுப்பைப் போலத் தண்டிக்க முடியாது. மாலை ஆறு மணிக்கு வந்து, மதியம் நனைந்த கட்டிலைப் பார்த்து, சோபாவுக்கு அடியில் தூங்கும் பூனையை இழுத்துப்போட்டு அடிக்கிறோம். செய்த ஓரிரு நொடிக்குள் விளைவு வந்தால்தான் பூனை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். நாலு மணி நேரம் கழித்து வரும் அடிக்கு அதன் கணக்கில் ஒரே அர்த்தம்தான்: இந்த அம்மா வந்தால் அடி விழும். அப்போது அடுப்பு நீங்கள்தான். உங்களைக் கண்டால் ஒளிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். செய்த தப்பு தெரிந்து ஒளிகிறது என்று படித்தீர்கள். அது குற்ற உணர்ச்சி இல்லை, பயம்.

கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் பலன் வேறுவிதமாகப் போகும். உங்கள் முன்னால் மட்டும் போகாது, பீரோவுக்குப் பின்னால் போகும். நீங்கள் பார்க்க நேர்ந்தால் மணல் தட்டில்கூடப் போகத் தயங்கும். மூக்கை அதில் தேய்ப்பது இன்னும் வீண். தன் வாடை அதற்கு அருவருப்பில்லை. பதற்றத்தில் வந்த நோயுள்ள பூனையை அடித்தால் பதற்றம் ஏறும், நோய் ஏறும், கட்டில் நனையும், மறுபடி அடி. உங்கள் வீட்டில் இந்த வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அதற்காக அழுததாக எழுதியிருக்கிறீர்கள், போதும், விடுங்கள்.

மிளகாய்ப்பொடியை இன்றே துடைத்தெடுங்கள். பாதத்தில் ஒட்டும், நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். நீலகிரித் தைலம், அந்துருண்டை போன்ற வைத்தியங்களும் வேண்டாம், இரண்டும் பூனைக்கு நஞ்சு.

தட்டும் தரையும்

தட்டை வாஷிங் மெஷினிடமிருந்து எடுத்துவிடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒரு இயந்திரம் உறுமத் தொடங்கினால் நமக்கே வராது. ஒரு பூனைக்கு இரண்டு தட்டு வையுங்கள், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக என்பது கணக்கு. வெவ்வேறு இடத்தில், நடமாட்டம் குறைந்த, ஆனால் வந்துபோக வழியுள்ள மூலையில், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி. தட்டு பெரிதாக இருக்கட்டும், மூக்கிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு. கடையில் அந்த அளவு கிடைக்காவிட்டால் துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்துங்கள். வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை கட்டிகளை அள்ளினால் அத்தை சொல்லும் வாடையும் இருக்காது.

நனைந்த இடத்தைப் பினாயில் போட்டுத் துடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் சுத்தம் என்றாலே பினாயில் வாடைதான், ஆனால் பூனை வளர்க்கும் வீட்டில் அது ஆகாது. பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். கறுப்பு பினாயில் இன்னும் மோசம். டெட்டாலும் இதே காரணத்தால் வேண்டாம். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் அமோனியாவோடு சேர்ந்து எரிச்சலூட்டும் வாயு கிளம்பும், அது உங்களுக்கும் கேடு.

முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை, அதாவது மூத்திரத்தைச் சிதைத்து வாடையைப் போக்கும் திரவத்தை, ஊற்றி, புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டுத் துடையுங்கள். மெத்தையை வெயிலில் போடுங்கள், கோவை வெயில் போதும். வாடை முழுதாகப் போகாதவரை அந்த இடத்துக்குப் பூனை திரும்பத் திரும்ப வரும். நம் மூக்குக்குப் போய்விட்டது என்பது கணக்கில்லை.

தண்ணீர் நிறையப் போனால் சிறுநீர்ப்பை தேறும். காய்ந்த பாக்கெட் தீவனம் மட்டும் கொடுப்பதை மாற்றி, ஈர உணவோ உப்பில்லாமல் வேகவைத்த கோழியோ மீனோ தண்ணீரோடு சேர்த்துக் கொடுங்கள். கோழி, மீன் மட்டுமே முழு உணவாகாது, பூனைத் தீவனமும் தொடரட்டும். கருவாடு வேண்டாம்.

"ஆம்பளப் பூனைக்கு எதுக்கு ஆபரேஷன்?"

உங்கள் கணவர் கேட்டதை அப்படியே எழுதியிருந்தீர்கள்: குட்டி போடப்போவது அதுவா? போடப்போவது அது இல்லை, உண்மை. ஆனால் ஊரில் குட்டி போடும் பெட்டைகளுக்கு இவன்தான் காரணமாவான். அது ஒருபுறம் இருக்கட்டும், அவருக்கு நேரடி லாபம் வேறு இருக்கிறது. விதை நீக்கிய கடுவன்களில் பத்துக்கு ஒன்பதில் பீய்ச்சும் பழக்கம் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். அந்த மூத்திரத்தின் கடும் வாடையும் போய்விடும். மயக்கம் கொடுத்துச் செய்யும் சின்ன அறுவை, பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம். அரசு கால்நடைப் பன்முக மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீர்ப்பை ஆறிய பிறகு செய்யுங்கள், தேதியை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். ரத்தத்தில் உள்ள ஹார்மோன் வடியச் சில வாரம் பிடிக்கும், மறுநாளே பலன் தேடாதீர்கள். குண்டாகிவிடும் என்பது அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும். பசி கூடும், தேவை குறையும், ஆகவே அளந்து போட வேண்டும். வேறொன்றுமில்லை. அதுவரை அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டி, சுவர்க் கடுவன் கண்ணில் படாமல் செய்யுங்கள்.

சோபா, கால் விரல், விடிகாலை நாலு மணி

நகத்தை மொத்தமாக எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நகம் மட்டும் தனியாக வராது, விரலின் கடைசி எலும்பையே வெட்ட வேண்டும். நம் விரல்களை நுனி மூட்டோடு நறுக்குவதுபோல. பிரிட்டனும் ஜெர்மனியும் உட்படப் பல நாடுகளில் தடை. நான் செய்யமாட்டேன், செய்கிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். கூர்முனையை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டலாம், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியைத் தொடாமல். வெட்டும் விதத்தை மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனை பிறாண்டித்தான் ஆக வேண்டும். பழைய நக உறை கழல்கிறது, உடம்பு நீள்கிறது, பாதத்திலுள்ள சுரப்பிகளால் தன் வாடையைப் பதிக்கிறது. ஆகவே நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். மூன்றடி உயரக் கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாத பலகையில் அடித்து, சோபாவை ஒட்டியே வையுங்கள். கண்ணில் படாத மூலையில் வைத்தால் சீந்தாது. சோபாவின் கிழிந்த பக்கத்தைத் தடித்த போர்வையால் மூடுங்கள். கட்டையில் கீறிய அந்த நொடியில் ஒரு துண்டு கோழி கொடுங்கள். ஓரிரு நொடிக் கணக்கு இங்கே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும்.

பாப்பாவின் கால் அதற்கு ஓடும் எலி. குட்டியாக இருந்தபோது கையாலும் காலாலும் விளையாட்டுக் காட்டியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். இனி கயிற்றில் கட்டிய இறகு, துணிப்பந்து இவை மட்டும். இரவு படுக்குமுன் கால் மணி நேரம் ஓடவிட்டு விளையாடி, முடித்ததும் சாப்பாடு போடுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிக்கொள்வது, தூக்கம் என்பது அதன் வரிசை. விடிகாலைக் கத்தலுக்கு இதுவே பாதி மருந்து. மீதிப் பாதி, கத்தினால் எழுந்திருக்காமல் இருப்பது. சில நாள் இன்னும் பலமாகக் கத்தும். ஐந்தாம் நாள் பொறுக்காமல் எழுந்து போட்டீர்களோ, ஐந்து நாள் கத்தினால் கிடைக்கும் என்று பாடம் ஆகிவிடும். ஆனால் தட்டில் உட்கார்ந்து கத்தினால் இந்த விதி செல்லாது, உடனே எழுந்து பாருங்கள்.

கடி, கெடு, சாக்கு

வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் வைத்தது தப்பு. செவலை மொட்டை மாடிக்குப் போகிறது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவில்லை. எந்தப் பூனை கடித்து ரத்தம் வந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. பாப்பாவுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது, சொன்ன தேதிகளில் மற்றவற்றையும் விடாமல் போடுங்கள். செவலைக்கான தடுப்பூசியை எப்போது போடலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது வழக்கம். அந்தப் பத்து நாளும் அது நலமாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று அர்த்தம். உங்கள் கணவர் கொடுத்த கெடுவும் ஏறக்குறைய அதே பத்து நாள்தான். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: சாக்கில் கட்டிக் கண்காணாமல் விட்டால், பெற்ற மகளுக்காகப் பார்க்க வேண்டிய பூனையையே விட்டதாகும்.

அதற்குப் பிறகு விடலாமா என்றால், அப்போதும் கூடாது. மீன் மார்க்கெட்டில் பூனை ராஜா மாதிரி வாழும் என்பது நம் மன ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்வது. அங்கே ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதியவனைக் கிழித்துவிடும். வீட்டில் வளர்ந்தது வண்டிக்கும் நாய்க்கும் ஒதுங்கத் தெரியாமல் திணறும். பட்டினி கிடக்க நேரும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவின்படி குற்றம். வளர்ப்பவரே அடித்து வதைப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. முதல்முறை அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை, கேட்டால் சிரிப்பார், அந்தக் காலத்துத் தொகை. ஆகவே சட்டத்தைக் காட்டி அவரை மிரட்டச் சொல்லமாட்டேன். ஆறு வாரம் அவகாசம் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், குந்தியா நின்றா, கொஞ்சமா நிறையவா என்று குறித்து அவரிடமே காட்டுங்கள். எண்ணிக்கை குறைவதைக் கண்ணால் பார்த்தால் வாதமே தேவைப்படாது.

ஆறு வாரம் கழித்தும் முடியவில்லை என்றால், அறுவையும் தடுப்பூசியும் முடித்து, இருக்கும் தொல்லையை மறைக்காமல் சொல்லி, ஏற்றுக்கொள்ளும் ஒரு வீட்டில் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயதான அத்தையும் சின்னக் குழந்தையும் உள்ள வீட்டில் உங்கள் தெம்புக்கும் ஒரு அளவு உண்டு.

சட்டைகளைக் கழற்றியதும் கூடையில் போட்டு மூடச் சொல்லுங்கள், அது கணவர் பங்கு. அத்தையின் அறைக்கதவு பகலில் சாத்தியிருக்கட்டும், செவலைக்கு ஹாலில் உயரமான இடத்தில் ஒரு அட்டைப் பெட்டியும் பழைய சேலையும் போதும்.

ஆறு வாரம் ஆனதும் எழுதுங்கள். நடுவில் மறுபடி தட்டில் உட்கார்ந்து முக்கி, சொட்டும் வராமல் எழுந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ராத்திரியானாலும் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.